அயலார் மனையில் அறபு எழுத்தாளர்

அறபியில் ‘கரீப்’ என்னும் சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். ‘கர்ப்’ என்பது மேற்குத் திசை. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஊரையும் உறவையும் பிரிந்து வாழும் நிலையை ‘குர்பத்’ என்பர். மேலை நாடுகளுக்குக் கல்வி நாடிச் சென்ற அறபு எழுத்தாளன், தான் சென்ற திசையின் பெயரைச் சொல்லும்போதே தன் தனிமையின் பெயரையும் சொன்னவனாகிறான். இவ்வொற்றுமையைப் பிடித்துக்கொண்டு, கிழக்கும் மேற்கும் மோதின என்ற ஒரே பல்லவியைப் பாடும் திறனாய்வுகள் அறபியிலும் பிற மொழிகளிலும் ஏராளமாக வந்துவிட்டன. ஜோர்ஜ் தராபீஷி 1977-இல் எழுதிய நூலில் இந்தப் புதினங்களை ஆண்மை, பெண்மை என்னும் அளவுகோலால் அளந்து பார்த்தார். கூர்மையான நூல்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த அளவுகோலில் கிழவர்களும் குழந்தைகளும் சமையற்கட்டும் அகப்படுவதில்லை. ஆகவே நாம் இங்கு எழுப்பும் வினா சிறியது. அந்த மாணவன் யார் வீட்டில் தங்கினான்? அவனுக்கு உணவிட்டவர் யார்? அவர்களை அவன் தன் நூலில் எங்கே வைத்தான்?

விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என்று நபிமொழி வரையறுக்கிறது. அதற்கு மேற்பட்டது தருமம். வீட்டாரை இடருக்குள்ளாக்கும் அளவு விருந்தினன் தங்கியிருப்பது ஆகாது என்பதும் அதே நபிமொழியின் பகுதி. தமிழிலோ ‘விருந்து’ என்னும் சொல்லுக்கே புதுமை என்பதுதான் முதற்பொருள். புதுமை கழிந்தவன் விருந்தினனாக நீடிக்க முடியாது. அப்படியாயின், பணம் கொடுத்துப் பிறர் வீட்டில் மூன்றாண்டு தங்கும் மாணவனை என்னவென்று அழைப்பது? அறபியில் ‘நஸீல்’ என்பர். இறங்கியவன் என்பது பொருள். ஒட்டகத்திலிருந்து இறங்கியவனுக்கு வைத்த பெயர் அது. மறுபடி ஏறிப் போய்விடுவான் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அவன் உறவினனும் அல்லன். வாடிக்கையாளன் என்று சொல்லிவிடவும் மனம் வராது. நாம் எடுத்துக்கொண்ட நூல்கள் எல்லாம் இந்தப் பெயரற்ற உறவைப் பற்றியவை. நான்காம் நாளில் தொடங்கும் கதைகள் என்றும் சொல்லலாம்.

தொடக்கம் ரிஃபாஆ அத்-தஹ்தாவி. அல்-அஸ்ஹரில் ஷைகு ஹஸன் அல்-அத்தாரிடம் பயின்றவர். 1826-இல் முஹம்மது அலீ பாஷா பாரிஸுக்கு அனுப்பிய மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்று, 1831-இல் திரும்பி, 1834-இல் ‘தக்லீஸுல் இப்ரீஸ்’ என்னும் பயண நூலை வெளியிட்டார். மர்ஸேல் துறைமுகத்தின் தொற்றுத்தடுப்பு விடுதியில் நாற்காலிகள் கொண்டுவந்து போடப்பட்டதையும், அந்நாட்டார் தரையில் அமர்வதை விசித்திரமாகக் கருதுவதையும், ஒவ்வொருவர் முன்னும் தட்டு, கண்ணாடிக் குவளை, கத்தி, முள்கரண்டி, கரண்டி என்று வரிசையாக வைக்கப்பட்டதையும் அவர் எழுதும்போது, ஒரு ஃபிக்ஹு நூலின் ஆசிரியர் உளூவின் பர்ளுகளை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டே போகிறார். நகைப்புக்காக இதைச் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி வரிசை குலையாமல் எழுதும் இப்பயிற்சி நம் பழைய மத்ரஸாக்கள் தந்த சொத்து; தஹ்தாவியின் உரைநடைக்கு முதுகெலும்பே அதுதான்.

அவர் தரும் செய்தி ஒன்று நமக்கு முக்கியமானது. பாரிஸில் முதலில் மாணவர்கள் அனைவரும் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து படித்தார்கள். பிரெஞ்சு மொழி வரவில்லை. பிறகு ஒருவராகவும் இருவர் மூவராகவும் பிரித்து, பிரெஞ்சுப் பிள்ளைகள் பயிலும் கூடங்களிலும், தனி ஆசிரியர் வீடுகளிலும் அமர்த்தினார்கள். உணவு, உறைவிடம், கல்வி மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை. மொழி அதன் பிறகே நாவில் ஏறியது. தம்மவரோடு கூடியிருக்கும்வரை தம் மொழியே போதுமானது. உப்பு வேண்டும் என்பதைக்கூட அயல் மொழியில் கேட்டாக வேண்டிய மேசையில்தான் அயல் மொழி பிறக்கிறது.

ஆனால் அந்த வீடுகளில் இருந்த மனிதர்கள் எங்கே? பிரெஞ்சு அரசமைப்புச் சாசனத்தை மொழிபெயர்த்துத் தந்த தஹ்தாவி, 1830-ஆம் ஆண்டுப் புரட்சியைக் கண்முன் நிறுத்திய தஹ்தாவி, தமக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அம்மையாரின் முகத்தை நமக்குக் காட்டவில்லை. பிரெஞ்சு மாதரைப் பொதுவாக வருணிக்கிறார். குறிப்பிட்ட ஒரு வீட்டுப் பெண்ணை அல்ல. அடக்கம் என்று சிலர் இதைப் போற்றுவர். பயண நூலின் இலக்கணம் அன்று அப்படி இருந்தது என்பதே சரியான விடை. நாட்டை எழுதலாம், வீட்டை எழுதலாகாது. அக்கதவு திறக்க நூறாண்டு ஆயிற்று.

திறந்தவர்களுள் ஒருவர் தவ்ஃபீக் அல்-ஹகீம். 1925 முதல் 1928 வரை சட்டம் படிப்பதற்கென்று பாரிஸில் இருந்தார்; படித்தது பெரும்பாலும் நாடகமும் இசையும். 1938-இல் வந்த ‘உஸ்ஃபூருன் மினஷ் ஷர்க்’, அதாவது ‘கீழைத்திசைச் சிட்டு’, அவருடைய சொந்த அனுபவத்தின் சாயல் படிந்த புதினம். கதைத்தலைவன் முஹ்ஸின், ஆந்த்ரே என்னும் தொழிலாளி நண்பனின் குடும்பத்தோடு தங்குகிறான். ஆந்த்ரேயும் அவன் மனைவி ஜெர்மேனும் பகல் முழுவதும் ஆலையில். அவர்களுடைய சிறுவன் ஜானோ கிழவன் கிழவியின் பொறுப்பில். வேலைக்குப் போகாத ஒரே ஆள் நம் முஹ்ஸின்தான். மழையில் நனைந்தபடி பாரிஸ் நகரச் சதுக்கத்தில் ஒரு கவிஞனின் சிலைமுன் நின்று பேரீச்சம்பழம் தின்று கொட்டையை உமிழும் அவனுடைய முதற்காட்சியை எல்லாரும் நினைவில் வைத்திருப்பர். வீட்டு மேசையில் அவனைக் காண்பவர் குறைவு.

இப்புதினத்தைப் பற்றி நம்மவரிடையே வழங்கும் மதிப்பீடு இது: கிழக்கின் ஆன்மாவுக்கும் மேற்கின் பொருளியல் வாழ்வுக்கும் நடக்கும் வாதம், இவான் என்னும் நோயாளி ருஷ்யத் தொழிலாளியின் வாயிலாக அவ்வாதம் உச்சத்தை அடைகிறது. இம்மதிப்பீட்டை நாம் ஏற்கவில்லை. இவானின் நீண்ட உரைகள் புதினத்தின் நலிந்த பகுதிகள். அங்கே பாத்திரம் மறைந்து கட்டுரையாளர் வந்து நிற்கிறார். ஆலைச் சங்கு ஊதினால் ஓட வேண்டிய கணவனும் மனைவியும், பேரனைக் காவல் காக்கும் முதியோரும், இவர்கள் நடுவே கனவு கண்டுகொண்டு அமர்ந்திருக்கும் எகிப்திய இளைஞனும் சேர்ந்து தோன்றும் பக்கங்களில்தான் அல்-ஹகீமின் நாடகக் கை தெரிகிறது. முஹ்ஸின் நாடக அரங்கில் நுழைவுச்சீட்டு விற்கும் ஸூஸியின்மேல் காதல் கொண்டு, வாய் திறவாமல் நாட்கணக்கில் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆந்த்ரேயும் ஜெர்மேனும் அவனைக் கேலி செய்கிறார்கள். போய்ப் பேசு என்று தூண்டுகிறார்கள். தமையனும் தமையன் மனைவியும் செய்யும் கேலி அது. நான்காம் நாள் கடந்து, குடும்பத்துக்குள் ஒருவனாக அவன் ஆகிவிட்டான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த வீட்டை முஹ்ஸின் என்ன செய்தான்? ஸூஸி தங்கியிருந்த விடுதியில் அறை எடுத்துக்கொண்டு வெளியேறினான். கிளி ஒன்றை வாங்கி அவளுக்குப் பரிசளித்தான். அவள் வேறொருவன்மேல் கொண்ட ஊடலில் இவனைக் கருவியாக்கினாள் என்பது பிறகு வெளியாயிற்று. மேற்கு தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவன் புலம்புகிறான். அல்-ஹகீமும் அவனோடு சேர்ந்துகொள்கிறார். நாம் கேட்கிறோம்: அவனுக்கு அறை கொடுத்து, கேலியும் ஆறுதலும் கொடுத்த ஆந்த்ரேயின் குடும்பம் மேற்கு இல்லையா? இரண்டு வாரக் காதலின் கணக்கில் ஒரு கண்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆசிரியர், சாட்சி சொல்ல அந்தக் குடும்பத்தை அழைக்கவில்லை. இதுவே இப்புதினத்தின் பெருங்குறை. கலைக்குறையும் நன்றிக்குறையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அல்-ஹகீமுக்கு நாம் அநீதி இழைக்கலாகாது. 1943-இல் அவர் வெளியிட்ட ‘ஸஹ்ரதுல் உம்ர்’ என்னும் நூல், அதே ஆந்த்ரே என்னும் நண்பனுக்கு எழுதிய கடிதங்களின் தொகுதி. வீட்டை விட்டு வெளியேறிய விருந்தினன், வீட்டுக்காரனுக்கே தன் தோல்விகளையும் படிப்பையும் கலை வேட்கையையும் விடாமல் எழுதியிருக்கிறான். புதினத்தில் தராத இடத்தைக் கடிதத்தில் தந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அல்-ஹகீமின் பாரிஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பளிப்பதாகும்.

யஹ்யா ஹக்கியின் ‘கிந்தீலு உம்மி ஹாஷிம்’ (1944) நம் பொருளுக்கு நேரானதன்று. ஓரிடம் மட்டும் குறிக்கத்தக்கது. இங்கிலாந்தில் ஏழாண்டு கண் மருத்துவம் பயின்று திரும்பும் இஸ்மாயீல், தன் வீட்டாரோடு பிணங்கி, தன் சொந்த ஊரான கெய்ரோவிலேயே ஒரு கிரேக்க அம்மையாரின் விடுதியில் போய்த் தங்குகிறான். மதாம் இஃப்தாலியா என்னும் அந்த அம்மையார் ஒவ்வொன்றுக்கும் காசு வாங்குகிறாள்; காலை வணக்கத்துக்குக் கூடக் கணக்கு எழுதிவிடுவாளோ என்று அஞ்சும் அளவுக்கு. சில வரிகளில் ஹக்கி இதை முடித்துவிடுகிறார். பிறந்த ஊரில் ஒருவன் ‘நஸீல்’ ஆகிவிட்ட கொடுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சூடான் நாட்டு தையிப் ஸாலிஹ் (1929–2009) எழுதிய ‘மவ்ஸிமுல் ஹிஜ்ரத்தி இலஷ் ஷமால்’ 1966-இல் வெளிவந்தது. இதில் வரும் முஸ்தஃபா ஸஈத் லண்டனில் செய்த கொடுமைகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. நாம் அவனுடைய பன்னிரண்டாம் வயதுக்குச் செல்வோம். தந்தையில்லாத அச்சிறுவன் கார்ட்டூமிலிருந்து கெய்ரோவுக்குப் படிக்கச் செல்கிறான். நிலையத்தில் அவனை எதிர்கொள்பவர்கள் ராபின்ஸன் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவியும். மக்கட்பேறு இல்லாதவர்கள். ராபின்ஸன் அறபி அறிந்தவர். கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்கும் தொல்பொருட் கூடங்களுக்கும் சிறுவனை உடன் அழைத்துச் செல்பவர். ஓர் ஆப்பிரிக்க முஸ்லிம் சிறுவனுக்குக் கெய்ரோவின் பள்ளிவாசல்களை ஓர் ஆங்கிலேயர் காட்டிக்கொடுக்கிறார் என்பதிலேயே காலனியாட்சிக் காலத்தின் முழு விபரீதமும் அடங்கியிருக்கிறது. அவர் இறந்து இமாம் ஷாஃபிஈயின் பெயர் தாங்கிய அடக்கத்தலத்திலேயே அடக்கப்படுகிறார். அம்மையார் பல்லாண்டு வாழ்ந்து, முஸ்தஃபாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்ட நாளில் அவன் தலை சாய்த்து அழத் தோள் தந்தவராக மீண்டும் வருகிறார்.

முஸ்தஃபா பிறகு அமைத்துக்கொண்ட இரண்டு அறைகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டனில் சந்தனமும் சாம்பிராணியும் கமழ, பாரசீகக் கம்பளம் விரித்து, கிழக்கை வேடிக்கைப் பொருளாக்கிய ஓர் அறை. சூடானில் நைல் நதி வளையும் சிற்றூரில், கணப்படுப்பு வைத்துக் கட்டி, சுவரெல்லாம் ஆங்கில நூல்களை அடுக்கிப் பூட்டிய ஓர் அறை. அதில் ஓர் அறபு நூல்கூட இல்லை, குர்ஆனும் ஆங்கிலத்தில். எங்கே இருந்தானோ அங்கே இல்லாத நாட்டைச் சுவருக்குள் கட்டினான். ராபின்ஸன் தம்பதியர் வீட்டில் மட்டும் அவன் எதையும் கட்டவில்லை, மகனாக இருந்தான். அம்மகன்மையையும் அவனுடைய மனம் உடனே கறைப்படுத்திக்கொண்டது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. யூஸுஃப் நபியை விலைக்கு வாங்கிய எகிப்தியர், இவருடைய தங்குதலைக் கண்ணியமாக்கு என்று மனைவியிடம் சொன்ன குர்ஆன் வரலாற்றை அறபு வாசகர் நினைக்காமலிருக்க முடியாது. தையிப் ஸாலிஹ் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அங்கே வீட்டார் பிழைத்தனர். அடைக்கலம் புகுந்தவர் தூயவராக நின்றார். இங்கே வீட்டார் களங்கமற்றவர். பிழை அடைக்கலம் புகுந்தவனிடம். ராபின்ஸன் அம்மையாரை ஏகாதிபத்தியத்தின் குறியீடு என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் ஆய்வாளர்கள் இந்தத் திருப்பத்தைப் பார்க்கத் தவறுகின்றனர்.

இனி தாஹா ஹுஸைன். இவரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. காலத்தால் அல்-ஹகீமுக்கு முந்திப் பிரான்ஸ் சென்றவராயினும், அவ்வனுபவத்தை முழுமையாக எழுதி வெளியிட்டது 1967-இல்தான். 1889-இல் நைல் கரைச் சிற்றூரில் பிறந்து, மழலைப் பருவத்திலேயே கண்ணொளி இழந்து, அல்-அஸ்ஹரில் ஓதி, 1914-இல் அபுல் அலா அல்-மஅர்ரி பற்றிய ஆய்வுக்குப் பட்டம் பெற்று, அதே ஆண்டு மோன்பெலியே நகருக்குச் சென்றவர். இடையில் பணமுடையால் பல்கலைக்கழகம் திருப்பி அழைக்க, 1915-இன் இறுதியில் மறுபடி புறப்பட்டுப் பாரிஸ் சேர்ந்தவர்.

‘அல்-அய்யாம்’ மூன்றாம் பகுதி இந்த ஆண்டுகளைக் கூறுகிறது. ஆயினும் அயலார் வீட்டில் குடியமரும் துன்பத்தின் திறவுகோல் மூன்றாம் பகுதியில் இல்லை; 1929-இல் நூலாக வந்த முதற்பகுதியில் இருக்கிறது. சிறுவனாயிருந்தபோது ஒருநாள் கவளத்தை ஒரு கையால் எடுக்காமல் இரு கையாலும் எடுத்துவிட, உடன்பிறந்தார் சிரித்தனர், தாய் அழுதாள், தந்தை மென்மையாகத் திருத்தினார். அன்றிலிருந்து பிறர் பார்க்க உண்பதையே அவர் சுருக்கிக்கொண்டார். தனித்து உண்ட அல்-மஅர்ரியின் செயல் அவருக்கு அப்போது விளங்கிற்று. கடல் கடந்து போகும்போது கப்பலிலும் பொது மேசைக்குச் செல்ல மறுத்தார். பிரான்ஸில் விடுதியில் தங்கினாலும் ஒரு குடும்பத்தில் தங்கினாலும் உணவை அறைக்கே கொண்டுவந்து தருமாறு ஏற்பாடு. திருமணம் நிச்சயிக்கப்படும் வரை இவ்வழக்கம் நீடித்தது. தம் பல வழக்கங்களிலிருந்து தம்மை வெளிக்கொணர்ந்தவர் அவரே என்று எழுதிச் செல்கிறார். 

இப்பகுதியை மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது, பார்வையற்ற சிறுவனின் அவமானம் என்ற அளவில் விளக்கி நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் மேசையை நினைத்துப் பாருங்கள். தஹ்தாவி எண்ணி எழுதிய அதே தட்டு, அதே கத்தி, அதே முள்கரண்டி. அவருக்கு அது வேடிக்கை. இவருக்கு அது தேர்வுக்கூடம். ஒரு குடும்பத்துக்குள் வாழ்ந்துகொண்டே அதன் மேசைக்கு வராதவன் அக்குடும்பத்துக்குள் வந்தவன் ஆவானா? கதவுக்கு அப்புறம் தட்டுகளின் ஓசையும் பேச்சொலியும் கேட்க, இப்புறம் தனியே உண்ணும் மாணவன்: இந்நிலையை தாஹா ஹுஸைன் சில வரிகளுக்கு மேல் விரிக்கவில்லை. விரித்திருந்தால் இரக்கத்தை இரந்து நிற்கும் பக்கங்களாகியிருக்கும். விரிக்காததால் வரிகள் எரிகின்றன.

அக்குடும்பத்தின் மகள் ஸூஸான். மோன்பெலியேயில் அவருக்கு நூல்களை வாசித்துக் காட்ட வந்தவர். பாரிஸில் அவருடைய வீட்டிலேயே தாஹா அறை பெற்றுத் தங்கினார். மூன்றாம் பகுதியில் அவருக்குப் பெயரே இல்லை. ‘அஸ்ஸவ்துல் அத்பு’, இன்குரல். அவ்வளவுதான். தம்மையும் ‘நான்’ என்று சொல்லாமல் ‘ஸாஹிபுனா’, நம் நண்பர், என்று படர்க்கையில் கூறும் ஆசிரியர், குடும்பத்தாரையும் குரல்களாகவே வைக்கிறார். முகத்தை எழுத அவருக்கு உரிமை இல்லை, பார்த்ததில்லையே. பொய்யாக ஒரு வருணனை சேர்க்காத அவருடைய நேர்மை போற்றத்தக்கது. எனினும் ஒரு குறை நிற்கிறது. அந்நியனை, பார்வையற்றவனை, வேற்று மதத்தவனை வீட்டுக்குள் ஏற்றபோது அவ்வீட்டார் அடைந்த கலக்கம் என்ன? தாஹா ஹுஸைனின் நூலில் விடை மிக மெலிவாகவே வருகிறது. விருந்தினன் எழுதும் நூலில் வீட்டாரின் மனம் புகுவது அரிது.

அவ்விடையை எழுதியவர் ஸூஸானே. 1973 அக்டோபரில் கணவர் மறைந்த பின் அவர் பிரெஞ்சில் எழுதிய நினைவு நூல் ‘மஅக’, அதாவது ‘உன்னோடு’, என்னும் பெயரில் அறபியில் வந்திருக்கிறது. தாஹா தம் காதலைச் சொன்னபோது தாம் அதிர்ந்து மறுத்ததை மறைக்காமல் எழுதுகிறார். பிறகு தாமே முடிவு செய்து வீட்டில் சொன்னபோது வீடு கொந்தளித்ததையும் எழுதுகிறார். அறை வாடகைக்குக் கொடுப்பது வேறு, மகளைக் கொடுப்பது வேறு. உலகெங்கும் தாய்மார் அறிந்த வேறுபாடு இது. முடிச்சை அவிழ்த்தவர் அவருடைய சிற்றப்பா முறையிலான ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தாஹாவோடு வயல்வெளியில் வெகுநேரம் தனியே நடந்து பேசிவிட்டு வந்து, இவரை நம்பலாம் என்று சொல்கிறார். 1917 ஆகஸ்டில் திருமணம். மத்யன் நகரில் ஒரு முதியவரின் வீட்டில் தஞ்சம் புகுந்து, ஆண்டுகள் உழைத்து, அவர் மகளை மணந்த மூஸா நபியின் வரலாற்றைக் குழந்தைப் பருவத்திலேயே மனனம் செய்தவர் தாஹா. அந்த நினைவு அவருக்கு வராமல் இருந்திருக்குமா என்று நமக்குத் தோன்றும். தம் நூலை அந்த ஒப்புமையால் அவர் அலங்கரித்துக்கொள்ளவில்லை.

அயலகத்தில் குடும்பத்தோடு தங்குதல் தமிழ் முஸ்லிம் வாசகருக்குச் சற்று அந்நியமான பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நம் முன்னோர் பலர் கடையிலேயே படுத்துறங்கினர். 1970-களுக்குப் பின் வளைகுடாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர்க்கு நிறுவனத்தின் கூட்டறைதான் வீடு. சமைத்ததும் உண்டதும் தம்மவரோடே. தஹ்தாவியின் முதலாண்டு வீடு போல. அதனால்தானோ என்னவோ, அறபு நாட்டில் இருபதாண்டு கழித்தவர் எழுதும் தமிழ்க் கதைகளில் ஓர் அறபு வீட்டின் உட்புறம் அருமையாகவே தென்படுகிறது. வீட்டு வேலைக்குச் சென்ற பெண்கள் அந்த உட்புறத்தை அறிவர். அவர்கள் எழுதத் தொடங்கினால் நாம் இதுவரை பேசிய ஐந்து ஆண்களின் நூல்களும் சிறுத்துத் தோன்றக்கூடும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘அல்-அய்யாம்’ மூன்றாம் பகுதியைத் தமிழாக்குவோர் ‘இன்குரல்’ வருமிடங்களில் தெளிவுக்காக ‘ஸூஸான்’ என்று பெயரிட்டுவிடலாகாது. பெயரின்மை அங்கே ஆசிரியரின் முடிவு. ஸூஸானின் நூலையும் கூடவே தமிழாக்கினால் பெயர் தானாக வந்து சேரும். 1970-களின் இறுதியிலேயே அறபியில் அச்சேறிய அந்நூலின் பிரெஞ்சு மூலம் 2011-இல்தான் வெளிவந்தது. ஸூஸான் 1989-இலேயே மறைந்துவிட்டார். தம் வீட்டுக்கு வந்த விருந்தினரைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் பெண் தம் தாய்மொழியில் எழுதிய நூல், விருந்தினரின் மொழியில் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த பிறகே தன் சொந்த மொழிக்குத் திரும்பியிருக்கிறது.